பழைய ரிப் படகுக்கு அவுட்போர்டு: இன்ஜினைக் கடைசியாக வாங்குங்கள்

கேள்வி: புதுச்சேரியில் ஸ்கூபா டைவிங் கற்றுக்கொடுக்கிறேன். 7 மீட்டர் ரிப் படகு (கெட்டியான ஃபைபர் அடிப்பாகம், சுற்றிலும் காற்றடைத்த குழாய்) ஒன்றைப் பழையதாக வாங்கினேன்; கட்டி 20 வருஷம் ஆகிறது. உள்ளே டீசல் இன்ஜின்; அதன் சுழற்சியை ப்ரொப்பெல்லருக்குக் கொண்டுபோகும் ஸ்டெர்ன் டிரைவ் பின்னால். டிரைவில் தண்ணீருக்குள் இறங்கும் கால் உப்பில் அரித்துவிட்டது, உதிரிபாகம் கிடைக்கவில்லை. எல்லாவற்றையும் கழற்றிவிட்டு 150 குதிரைத்திறன் அவுட்போர்டு (படகின் பின்னால் வெளியே தொங்கும் பெட்ரோல் இன்ஜின்) மாட்டலாம் என்கிறார் புரோக்கர். "நாலு போல்ட்டு, ஒரு நாள் வேலை. இருக்கிற டீசல் டேங்கைக் கழுவிட்டு பெட்ரோல் ஊத்திக்கலாம்" என்று சொல்லி முன்பணம் கேட்கிறார். கொடுக்கலாமா?

பதில்: இப்போது கொடுக்காதீர்கள்.

உங்கள் யோசனையில் தப்பில்லை. ரிப் படகு வளர்ந்ததே அவுட்போர்டோடுதான். பிரிட்டனின் உயிர்காப்புப் படகு நிறுவனம் 1972-ல் கடலில் இறக்கிய அட்லாண்டிக் 21 வகையில் இரண்டு அவுட்போர்டுகள்தான் இருந்தன. ஆனால் உங்கள் படகு அதற்காகக் கட்டப்பட்டதல்ல. நாலு போல்ட்டில் மாட்டுவது உண்மைதான். அந்த போல்ட்டுகள் எதைப் பிடித்துக்கொண்டு நிற்கப்போகின்றன என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

உங்கள் டீசல் இன்ஜினின் எடை இப்போது படகுக்குள்ளே, இன்ஜின் மேடைமேல் உட்கார்ந்திருக்கிறது. டிரான்சம் என்று சொல்லும் பின்பலகையில் ஒரு பெரிய துளை. அதன் வழியாக டிரைவ் வெளியே போகிறது. அவுட்போர்டு மாட்டினால் 200 கிலோவுக்கு மேற்பட்ட எடை அந்தப் பலகையின் மேல் விளிம்பில் வெளிப்பக்கமாகத் தொங்கும். தள்ளுகிற விசையோ கீழே, ப்ரொப்பெல்லரில். கடப்பாரை போட்டு நெம்புவது போல ஒவ்வொரு அலையிலும் பலகை நெம்பப்படும். அதன் நடுவே துளையும் இருந்து, உள்ளே இருக்கும் பிளைவுட்டும் இற்றுப் போயிருந்தால், என்றைக்காவது கரையிலிருந்து வெகுதூரத்தில் அது கிழியும்.

அதனால் முதல் சோதனை பின்பலகைக்கு. சின்ன சுத்தியலால் பலகை முழுக்கத் தட்டுங்கள். நல்ல இடத்தில் 'டக்' என்று கெட்டியாகக் கேட்கும், இற்ற இடத்தில் சத்தம் மந்தமாக இருக்கும். அப்புறம் உள்பக்கத்திலிருந்து, அடிமட்டத்திலும் டிரைவ் துளையின் ஓரத்திலும் 5 மி.மீ. துரப்பணத்தால் சில ஓட்டைகள் போடுங்கள். வெளித்தோலை ஊடுருவக் கூடாது. வருகிற தூளை வெள்ளைத்தாளில் பிடியுங்கள். வெளிர் நிறத்தில் காய்ந்து உதிர்ந்தால் மரம் நன்றாக இருக்கிறது. கறுத்து, விரலில் நசுங்கி, புளித்த வாடை அடித்தால் பலகையின் உள்மரம் முழுவதையும் மாற்றியாக வேண்டும். இதை நீங்களே நின்று பாருங்கள். புரோக்கரிடம் விட்டால் நல்ல இடமாகப் பார்த்து ஒரே ஒரு ஓட்டை போட்டுக் காட்டுவார்.

துளையை அடைப்பதில்தான் அதிகம் ஏமாற்றுகிறார்கள். இரண்டு பக்கமும் அலுமினியத் தகடு வைத்து, நடுவில் சீலன்ட் நிரப்பி, போல்ட் போட்டு, மேலே பெயின்ட் அடித்துவிடுவார்கள். பார்க்கப் பளபளப்பாக இருக்கும், பலம் துளிகூடத் திரும்பியிருக்காது. சரியான வேலை என்றால் துளையின் ஓரத்தை 12-க்கு 1 என்ற சரிவில் சீவ வேண்டும். அதாவது 10 மி.மீ. தடிமனுக்கு 120 மி.மீ. அகலச் சரிவு. புது மெரைன் பிளைவுட்டை வைத்து, எப்பாக்ஸியில் கண்ணாடி இழையை அடுக்கடுக்காக ஒட்ட வேண்டும். பாலியெஸ்டர் ரெசின் விலை குறைவுதான், ஆனால் பழைய ஃபைபர் மேல் எப்பாக்ஸி அளவுக்கு அது பிடிக்காது. பின்பலகையிலிருந்து, படகின் அடியில் நீளவாக்கில் ஓடும் அடித்தண்டுகள் வரை முட்டுகளும் கொடுக்க வேண்டும். இது ஒரு நாள் வேலையே அல்ல. ரெசின் இறுகவே நாள் பிடிக்கும்.

இதில் ஒரு விதிவிலக்கைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் உங்களுக்கு அதிர்ஷ்டம் இருந்தால் பாதிச் செலவு மிச்சம். சில கம்பெனிகள் ஒரே அச்சில் (மோல்டில்) இன்போர்டு, அதாவது இன்ஜின் உள்ளே இருப்பது, அவுட்போர்டு என இரண்டு வகைப் படகும் கட்டின. உங்களுடையது அப்படிப்பட்டதா என்று படகுத் தகட்டில் உள்ள பெயரையும் மாடலையும் வைத்துக் கம்பெனிக்கே எழுதிக் கேளுங்கள். அவுட்போர்டு வகைக்கு அனுமதித்த அதிகபட்சக் குதிரைத்திறன், அதிகபட்ச இன்ஜின் எடை இரண்டையும் எழுத்தில் வாங்குங்கள். ஆனால் அச்சு ஒன்று என்பதற்காக உள்ளே போட்ட மரமும் ஒன்று என்று நினைத்துவிடாதீர்கள். இன்போர்டுக்குக் கட்டும்போது பின்பலகையை வேறு தடிமனில் போட்டிருக்கலாம். அடித்தண்டுகள் இன்ஜின் மேடையோடு நின்றிருக்கலாம். ஆகவே தளத்தைத் திறந்து, தண்டுகள் பின்பலகையைத் தொட்டு ஃபைபரால் ஒட்டப்பட்டிருக்கின்றனவா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். தொட்டிருந்தால், துளையை அடைத்தால் போதும். தொடவில்லை என்றால், ஒரே அச்சு என்பதால் உங்களுக்கு ஒரு பயனும் இல்லை.

'பாட்' (pod) என்று சொல்லி, பின்பலகைக்கு வெளியே ஒரு பெட்டி பொருத்தி அதில் இன்ஜினை மாட்டலாம் என்று யாராவது வருவார்கள். இன்ஜின் இன்னும் பின்னால் போவதால் நெம்புவிசை கூடும். பலகை சரியில்லாத படகுக்கு அது தீர்வாகாது.

அடுத்து டேங்க். இதில் நான் துளியும் இறங்கி வரமாட்டேன்: டீசல் டேங்கில் பெட்ரோல் ஊற்றாதீர்கள். டீசல் சாதாரண வெப்பத்தில் சட்டென்று தீப்பற்றாது. பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது. கசிந்தால் படகின் அடியில் போய்த் தங்கும். அங்கேதான் தேங்கும் தண்ணீரை இறைக்கும் உங்கள் பில்ஜ் பம்ப், மிதவை சுவிட்ச், பாட்டரி சுவிட்ச் எல்லாம் இருக்கின்றன. டீசல் படகில் போட்டிருக்கும் சுவிட்சுகள் பொறி வெளியே வராத வகையாக இருக்க வேண்டும் என்று கட்டாயமில்லாதவை. ஒரு பொறி போதும், மாணவர்களோடு படகு எரியும். பெட்ரோலுக்கென்று செய்த டேங்க், பெட்ரோலுக்கான குழாய், வெளிக்காற்றில் திறக்கும் மூச்சுக்குழாய், டேங்க் அறைக்குக் காற்றோட்டம், பொறி காக்கும் சுவிட்சுகள் எல்லாம் புதிதாக வேண்டும். 150 குதிரைத்திறன் இன்ஜின் முழு வேகத்தில் மணிக்கு 50 லிட்டருக்கு மேல் குடிக்கும், ஆகவே கையில் தூக்கும் கேன்களை நம்பித் தொழில் நடத்த முடியாது.

பெட்ரோலைப் பற்றி இன்னொன்று. இப்போது நம் பங்க்குகளில் கிடைப்பது 20 சதவீதம் எத்தனால் கலந்தது. பெரும்பாலான அவுட்போர்டு கம்பெனிகளின் கையேடு 10 சதவீதம் வரைதான் அனுமதிக்கிறது. எத்தனால் ஈரத்தை இழுக்கும். ஈரம் அளவு மீறினால் தண்ணீரோடு சேர்ந்து பிரிந்து டேங்கின் அடியில் நிற்கும். உப்புக் காற்றில் நிற்கும் படகுக்கு இதைவிடக் கேடு எது? காரையும் பைக்கையும் வைத்துத் திட்டம் போட்டவர்கள் கடற்கரையை நினைக்கவே இல்லை, எனக்கு இது கோபம்தான். நீங்கள் செய்யக்கூடியது: 10 மைக்ரான் நீர்பிரிப்பு வடிகட்டி போடுங்கள், டேங்கில் வாரக்கணக்கில் பெட்ரோலைத் தேங்கவிடாதீர்கள், 20 சதவீதத்துக்கு வாரன்டி நிற்குமா என்று டீலரிடம் எழுத்தில் கேளுங்கள். வாய்வார்த்தையை நம்பாதீர்கள்.

இன்ஜின் வாங்குவது இதற்கெல்லாம் பிறகு. பின்பலகை முடிந்ததும் மேல் விளிம்பிலிருந்து அடிமுனை வரை அளந்தால்தான் இன்ஜினின் கால் 20 அங்குலம் வேண்டுமா, 25 அங்குலம் வேண்டுமா என்று தெரியும். முன்பணம் வாங்கிய புரோக்கர் கையில் எது இருக்கிறதோ அதைத்தான் தள்ளுவார். கால் குட்டையாக இருந்தால் அலையில் ப்ரொப்பெல்லர் காற்றை இழுத்து வீணாகச் சுற்றும். வெளிநாட்டிலிருந்து வந்த 'ரீகண்டிஷன்' இன்ஜின் என்றால் மாட்டும் கிளாம்பில் உள்ள சீரியல் நம்பர் சுரண்டியோ மாற்றியோ இருக்கிறதா பாருங்கள். ஓடிய மணிக்கணக்கைக் கம்ப்யூட்டரில் எடுத்து அச்சிட்டுத் தரச் சொல்லுங்கள். தர மறுத்தால் எழுந்து வந்துவிடுங்கள். ஸ்டீயரிங் ஹைட்ராலிக்காக இருக்கட்டும். கில் கார்டு (ஓட்டுபவர் விழுந்தால் இன்ஜினை நிறுத்தும் கயிறு) இல்லாமல் ஒரு நிமிஷமும் ஓட்டாதீர்கள்.

காகித வேலையைப் படகு வேலை தொடங்கும் முன்பே ஆரம்பித்துவிடுங்கள். பதிவுச் சான்றிலும் இன்ஷூரன்ஸிலும் பழைய இன்ஜின் எண் இருக்கும்வரை, விபத்து நடந்தால் உங்கள் பக்கம் நிற்க ஒரு தாள்கூட இராது. இன்ஜின் வகையையே மாற்றுகிறீர்கள் என்றால் ஒவ்வொரு மேசையிலும் ஒவ்வொன்று கேட்பார்கள். ஒருவர் கேட்டதை இன்னொருவர் வேண்டாம் என்பார். சலித்துப்போய் ஏஜென்டிடம் ஒப்படைக்காதீர்கள். மனுவை நீங்களே கொடுத்து, முத்திரையிட்ட நகல் வாங்கி வையுங்கள்.

கடைசியாக, முதல் ஓட்டத்தை மாணவர்கள் இல்லாமல், அவர்கள் எடைக்குத் தண்ணீர்க் கேன்களும் சிலிண்டர்களும் ஏற்றிச் செய்யுங்கள். மொத்த எடை குறைந்திருந்தாலும் அது பின்னால் போயிருக்கிறது. நிற்கும்போது தளத்துத் தண்ணீர் வடியும் ஓட்டைகள் கடல்மட்டத்துக்குக் கீழே போனாலோ, ஓடும்போது மூக்கு எழும்பி எழும்பி விழுந்தாலோ, பாட்டரியையும் டேங்கையும் முன்னால் நகர்த்த வேண்டும். டேங்கை நிரந்தரமாகப் பதிப்பதை அதுவரை தள்ளிவையுங்கள். கரைக்கு வந்ததும் அந்த நாலு போல்ட்டையும் சுற்றி விரலால் தடவிப் பாருங்கள். சீலன்டில் மயிரிழை விரிசல் தெரிந்தால் பலகை வளைகிறது என்று அர்த்தம். ஃபைபர் வேலை செய்தவருக்கு மீதிப் பணத்தை அதைப் பார்த்த பிறகு கொடுங்கள்.