நிற்க முடியாத வீடு

கேள்வி: சியாட்டிலில் மகன் வீட்டில் தங்கியிருந்தபோது, பக்கத்து வீட்டுக்காரர் காருக்குப் பின்னால் மாட்டி இழுத்துப் போக, கண்ணீர்த்துளி வடிவத்தில் ஒரு மரப் பெட்டி செய்துகொண்டிருந்தார். உள்ளே நிற்கவே முடியாது. இதில் என்ன சுகம்?
- ஒரு வாசகி, திருச்சி

பதில்: நிற்கவே வேண்டாம், உள்ளே போவது தூங்கத்தான்! டியர்டிராப் டிரெய்லர் என்பார்கள். 1930-களிலேயே அமெரிக்காவில் வந்துவிட்டது, 1947-ல் ‘மெக்கானிக்ஸ் இல்லஸ்ட்ரேட்டட்’ பத்திரிகை வரைபடம் போட்டதும் பலர் வீட்டிலேயே செய்ய ஆரம்பித்தார்கள். அங்கே பிளைவுட் பலகை 4 அடிக்கு 8 அடி அளவில் வரும். பக்கத்துக்கு ஒரு பலகை, அதையே வளைவாக அறுத்தால் சுவர் தயார், அதனால்தான் பழைய பெட்டிகள் பெரும்பாலும் 4 அடி உயரம், 8 அடி நீளம். எடை குறைவு, சின்ன காரே இழுக்கும்.

கஷ்டம் கூரையில்தான். தடிமனான பலகை அந்த வளைவுக்கு மடங்காது, 3 மில்லிமீட்டர் பலகையை ஈரப்படுத்தி மெல்ல வளைத்து, குறுக்குச் சட்டங்களில் ஒட்டி, மேலே இன்னொரு அடுக்கு ஒட்டுவார்கள். அப்புறம் நீர் புகாமலிருக்க எபாக்சி என்ற பிசின் பூச்சு.

சமையலறை வெளியே! பின்பக்க மூடியைத் தூக்கினால் அடுப்பு மேடை, டப்பா அலமாரி எல்லாம் இருக்கும், மழை வந்தால் அந்த மூடிதான் குடை. ஆனால் நீர் ஒழுகுவதும் அதே மூடியின் கீல் வழியாகத்தான். இன்னொன்று, இரண்டு பேர் மூச்சுக்கே விடிவதற்குள் சுவர் வியர்த்துவிடும், குளிரானாலும் ஜன்னலைக் கொஞ்சம் திறந்து வைத்தே தூங்க வேண்டும்.