துண்டுக்குள்ளே விரல்: போர் விமான ரேடார் பற்றிச் சில கேள்விகள்

2024 ஆகஸ்ட் 6 முதல் 14 வரை கோயம்புத்தூர் அருகே சூலூர் விமானப்படைத் தளத்தில் ‘தரங் சக்தி’ கூட்டுப் பயிற்சியின் முதல் கட்டம் நடந்தது. ஜெர்மனி, பிரான்ஸ், ஸ்பெயின், பிரிட்டன் விமானங்கள் வந்து போயின. இப்படி வெளிநாட்டாரோடு பறக்கும்போது ஒவ்வொரு நாடும் தன் போர் விமான ரேடாரின் முழுத் திறனைக் காட்டாமல் மறைத்து வைக்கும். அதைப் பற்றி அப்போது தொடங்கிய கேள்விகள் இன்னும் நிற்கவில்லை. ரேடார் வேலையில் பல வருடம் இருந்தவன் என்ற முறையில், வெளியில் சொல்லக்கூடியதைச் சொல்கிறேன்.

அவங்க ரஃபேல், டைபூன் போர் விமானங்களும் நம்ம தேஜஸ் பறந்த அதே வானத்தில்தான் பறந்தன. அத்தனை பக்கத்தில் இருக்கும்போது ரேடாரை எப்படிங்க மறைக்க முடியும்?
*விசைத்தறி உரிமையாளர், பல்லடம்*

ராத்திரி தோப்புக்குத் தண்ணீர் கட்டப் போகிறீர்கள், கையில் டார்ச் இருக்கிறது. உங்களுக்குத் தெரிவது எதிரே இருக்கும் வாய்க்கால் மட்டும்தான். ஆனால் நாலு காடு தள்ளி நிற்பவருக்கு உங்கள் வெளிச்சம் தெரிந்துவிடும். ரேடியோ அலையை அனுப்பி, அது பட்டுத் திரும்புவதை வைத்துப் பார்க்கும் ரேடாரும் அப்படித்தான். அலை போகும்போது ஒருமுறை விரிந்து மங்குகிறது, பட்டுத் திரும்பும்போது இன்னொரு முறை மங்குகிறது. அதனால்தான் பார்க்கும் தூரத்தை இரண்டு மடங்காக்க 16 மடங்கு சக்தி தேவைப்படுகிறது. எதிரில் இருப்பவருக்கோ அந்த அலை ஒருவழிப் பயணம்தான். பெரும்பாலும் நாம் அவரைப் பார்ப்பதற்கு முன்பே அவருடைய எச்சரிக்கைக் கருவி நம் அலையை உணர்ந்துவிடும். ரஃபேலில் இருக்கும் ஸ்பெக்ட்ரா போன்ற கருவிகள், அலை எந்தத் திசையிலிருந்து வருகிறது, எந்த வகை ரேடாருடையது என்பதுவரை கணித்துவிடும்.

ஆக, அலையை மறைக்க முடியாது. மறைப்பது அதன் பேச்சை. நம் பக்கத்து மாட்டுச் சந்தையில் தரகர்கள் துண்டுக்குள் கைவிட்டு விலை பேசுவதைப் பார்த்திருப்பீர்கள். பேரம் நடக்கிறது என்று சந்தைக்கே தெரியும், எந்த விரலைப் பிடித்தார் என்பது அந்த இரண்டு பேருக்குத்தான் தெரியும். ரேடாருக்கும் விரல்கள் உண்டு: எந்த அதிர்வெண்ணில் அனுப்புகிறது, ஒவ்வொரு துடிப்பும் (விட்டு விட்டு அனுப்பும் அலைத் துண்டு) எவ்வளவு நேரம் நீள்கிறது, இரண்டு துடிப்புக்கு நடுவில் எவ்வளவு இடைவெளி, வானத்தை எந்த வரிசையில் துழாவுகிறது. சண்டைக்கென்று ஒதுக்கிய முறைகளைப் பூட்டி வைத்துவிட்டு, பயிற்சிக்கான முறையில் மட்டும் ரேடாரை ஓட்டுவார்கள். 2008-ல் அமெரிக்காவின் நெவாடாவில் நடந்த ரெட் ஃபிளாக் பயிற்சிக்கு நம் சுகோய்-30 எம்கேஐ விமானங்கள் போனபோது, ரேடாரைப் பயிற்சி மோடில் மட்டுமே இயக்கியதாக அப்போதே செய்தி வந்தது. விமானங்கள் தங்களுக்குள் தகவல் பரிமாறிக்கொள்ளும் இணைப்பும் மற்றவர்களுடையதோடு சேரவில்லை. கூட்டத்தில் நம்மவர் யார், எதிரி யார் என்று பிரித்தறிவதில் சிரமப்பட்டார்கள் என்றும் எழுதினார்கள். ரகசியத்துக்குக் கொடுத்த விலை அது. கொடுத்தது சரி என்பதுதான் என் கருத்து.

ரேடார் இத்தனை கிலோமீட்டர் பார்க்கும் என்று கம்பெனிக்காரர்களே விளம்பரத்தில் போடுகிறார்கள். அப்புறம் ரகசியம் என்று என்ன மிச்சம்?
*பொறியியல் மாணவர், கோயம்புத்தூர்*

நல்ல கேள்வி, தம்பி. எவ்வளவு பெரிய இலக்கை அத்தனை கிலோமீட்டரில் பார்க்கும் என்று அந்த விளம்பரத்தில் போட்டிருக்கிறதா, பாருங்கள். பெரும்பாலும் இருக்காது. பயணிகள் விமானத்தைப் பார்க்கும் தூரம் வேறு, சிறிய போர் விமானத்தைப் பார்க்கும் தூரம் வேறு. அதைவிட முக்கியம், எதிரி ரேடியோ இரைச்சலைக் கொட்டிக் குழப்பும்போது ரேடார் என்ன செய்யும் என்பது. அதை யாரும் அச்சடிக்க மாட்டார்கள். நம் துடிப்பின் கணக்கு ஒருமுறை எதிரியின் பதிவில் ஏறிவிட்டால், அடுத்த முறை அவர் கருவி கேட்டவுடன் அடையாளம் கண்டு, அதற்கேற்ற இரைச்சலைத் திருப்பி அடிக்கும்.

ரகசியம் போனால் என்ன ஆகும் என்பதற்குப் பழைய உதாரணம் ஒன்று. 1976 செப்டம்பர் 6 அன்று சோவியத் விமானி விக்டர் பெலென்கோ தன் மிக்-25 விமானத்தை ஜப்பானின் ஹகோடாடேயில் கொண்டுபோய் இறக்கினார். அமெரிக்கர்களும் ஜப்பானியர்களும் அக்குவேறு ஆணிவேறாகப் பிரித்துப் பார்த்துவிட்டுப் பெட்டிகளில் திருப்பி அனுப்பினார்கள். அதற்குப் பிறகு அந்த ரேடாரை நம்பிச் சண்டைக்குப் போக முடியுமா? மிக்-25-க்கு வேறு ரேடாரே பொருத்த வேண்டி வந்தது. ஒரே ஒரு விமானம் போனதற்கு அத்தனை பெரிய செலவு. இன்றைய ஏசா ரேடார்களில் (தட்டு திரும்பாமலே, பல சிறு அலைபரப்பிகளைக் கொண்டு அலையைத் திருப்பும் புதிய வகை) பல குணங்கள் மென்பொருளில் இருப்பதால் மாற்றுவது முன்பைவிடச் சுலபம். ஆனால் எதிரி கேட்டுவிட்டார் என்பது நமக்குத் தெரிந்தால்தானே மாற்றுவோம்!

“நம்ம விமானம் அவங்க விமானத்தை இத்தனைக்கு இத்தனை என்று ஜெயித்தது” என்று வாட்ஸ்ஆப்பில் வருகிறதே, நம்பலாமா?
*பனியன் கம்பெனி மேலாளர், திருப்பூர்*

அந்தக் கணக்கைத் தயவுசெய்து பரப்பாதீர்கள். நம் விமானிகள் திறமைசாலிகள், அதில் எனக்குத் துளியும் சந்தேகம் இல்லை. ஆனால் பயிற்சியில் விமானம் விமானத்தோடு மோதுவதில்லை, விதிகளுக்குள் மோதுகிறது. 2004 பிப்ரவரியில் குவாலியரில் அமெரிக்கர்களோடு நடந்த கோப் இந்தியா பயிற்சியை எடுத்துக்கொள்ளுங்கள். நம்மவர்கள் அசத்தினார்கள், உண்மை. ஆனால் அமெரிக்கர்கள் அனுப்பிய எஃப்-15 விமானங்களில் புதிய ஏசா ரேடார் இல்லை. தொலைதூர ஏவுகணைக்கும் கட்டுப்பாடு இருந்தது. எண்ணிக்கையிலும் நம் தரப்புக்கே கூடுதல். இவ்வளவையும் சொல்லாமல் ஸ்கோர் மட்டும் சொன்னால், பாதி சீட்டை மடியில் வைத்துக்கொண்டு ஆடிய ஆட்டத்துக்கு வெற்றி தோல்வி சொல்வது மாதிரிதான்.

மொட்டை மாடியிலிருந்து எடுத்த போர் விமானப் படத்தை இன்ஸ்டாகிராமில் போட்டால் ரகசியம் போய்விடுமா?
*இல்லத்தரசி, சூலூர்*

படத்தில் ரேடார் அலை விழாதுங்க, அம்மணி. ஆனால் விமானப்படைத் தளத்தை அனுமதியில்லாமல் படம் எடுப்பது சட்டப்படி குற்றம். எது எப்போது கிளம்பியது, எத்தனை கிளம்பியது என்பதும் தகவல்தான். கண்ணால் பார்த்துச் சந்தோஷப்படுங்கள், போதும்.

என் மகன் விமானப்படையில் இருக்கிறான். பாதி ரேடாரோடு பழகினால் நாளைக்கு நிஜச் சண்டையில் தடுமாற மாட்டானா? கேட்டால் எதுவும் சொல்ல மாட்டேன் என்கிறான்.
*ஓய்வுபெற்ற ஆசிரியர், கோபிசெட்டிபாளையம்*

ஐயா, கவலை வேண்டாம். முழுத் திறனோடு பழகுவது நம் படைக்குள்ளே, நமக்கு நாமே நடத்தும் பயிற்சிகளிலும் சிமுலேட்டரிலும். வெளிநாட்டோடு பழகும்போது கற்பது வேறு பாடம்: வேற்று உச்சரிப்பில் வரும் ஆணையைக் கேட்டவுடன் புரிந்துகொள்வது, நாற்பது ஐம்பது விமானங்கள் இருக்கும் வானத்தில் தன் இடத்தைத் தவறவிடாமல் இருப்பது, அவர்கள் எப்படித் திட்டமிடுகிறார்கள் என்று பார்ப்பது. தரை இறங்கிய பிறகு எல்லோரும் ஒரே அறையில் உட்கார்ந்து, பதிவைத் திரையில் ஓட்டி, “இந்த இடத்தில் நான் தாமதமாகத் திரும்பினேன்” என்று ஒவ்வொருவராக ஒப்புக்கொள்வார்கள். பறந்த நேரத்தைவிட அந்தப் பேச்சு நீளும். அதற்கு ரேடாரின் கடைசிச் சீட்டைத் திறக்க வேண்டிய அவசியமே இல்லை.

மகன் சொல்லவில்லை என்று மனம் வருந்தாதீர்கள். என் அப்பாவும் கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்து இதையேதான் கேட்பார். “நல்லா இருக்கேனுங்ப்பா” என்பதற்கு மேல் நான் ஒன்றும் சொன்னதில்லை. அடுத்த லீவில் வரும்போது சாப்பாடு எப்படி, தூக்கம் எப்படி என்று கேளுங்கள். அதற்கு மணிக்கணக்கில் பதில் சொல்வான்.