சந்திப்பில் வரிசை இருமடங்காக வருவது ஏன்: சூமோ மாதிரி குறித்த பதில்

வணக்கம். மதுரைச் சந்திப்பு ஒன்றுக்கு, சாலைப் போக்குவரத்தைக் கணினியில் ஓட்டிப் பார்க்கும் சூமோ மென்பொருளில் நீங்கள் அமைத்த மாதிரி, களத்தில் அளந்ததைப் போல் இருமடங்கு நீளமான வாகன வரிசையைக் காட்டுவதால், கணினி உருவகப்படுத்தலையே நம்பலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். கோளாறு பெரும்பாலும் மென்பொருளில் முதலிலேயே இருக்கும் (முன்னிருப்பு) அமைப்புகளில்தான் இருக்க வேண்டும். ஜெர்மனியில் உருவான அந்த மென்பொருள், நாம் மாற்றாத வரை, ஒரு தடத்தில் ஒன்றன்பின் ஒன்றாகவே வண்டிகளை நிறுத்தும்; பேருந்துக்கும் ஆட்டோவுக்கும் இடையே புகுந்து நிறுத்தக்கோட்டுக்கு வந்துவிடும் நம்மூர் பைக், அங்கே காருக்குப் பின்னால் இரண்டரை மீட்டர் இடைவெளி விட்டுப் பணிவாக நிற்கும். ஒரு தடத்தை எவ்வளவு அகலமான பட்டைகளாகப் பிரிப்பது என்று சொல்லும் ‘லேட்டரல் ரெசல்யூஷன்’ மதிப்பை 0.8 மீட்டர் அளவில் கொடுத்து, பைக்குகளுக்கான இடைவெளியையும் குறைத்து மீண்டும் ஓட்டிப் பாருங்கள்.

இதற்கு நேர்மாறான பிழையும் உண்டு: 300 விநாடி நகராமல் நிற்கும் வாகனத்தை மென்பொருள் தானாகவே தூக்கி அப்பால் வைத்துவிடும் என்பதால், கடும் நெரிசலில் வரிசை குறைவாகத் தோன்றலாம், அப்படித் தூக்கும்போது அது தரும் எச்சரிக்கைச் செய்திகளைப் பார்க்காமல் எந்த எண்ணையும் அறிக்கையில் எழுதாதீர்கள். தற்செயல் மாற்றங்களைத் தீர்மானிக்கும் தொடக்க எண்ணான சீட் (seed) எண்ணை மாற்றிப் பலமுறை ஓட்டிச் சராசரி எடுங்கள்; மாற்றாவிட்டால் ஒவ்வொரு முறையும் ஒரே விடைதான் வரும்.

பச்சை விளக்கு நேரத்தைக் கூட்டுவதா, இடப்பக்கத் திருப்பத்தைத் தனியாக்குவதா என்று ஒப்பிட இம்மாதிரி நன்றாகவே உதவும். மேம்பாலம் கட்டினால் பத்தாண்டுக்குப் பின் எத்தனை வண்டிகள் வரும் என்பதற்குப் பயணத் தேவைக் கணிப்பு தனியே வேண்டும்.