எல்க் வேட்டைக்கு எந்த அம்புமுனை? வேலந்தாவளத்துத் தம்பிக்கு

தம்பி, வேலந்தாவளம் என்று பார்த்ததும்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். எனக்கும் அதே பாலக்காட்டு எல்லை, கொழிஞ்சாம்பாறை. உங்கள் கேள்வி இது: டென்வருக்கு வந்து ஒரு வருஷம் முடியப் போகிறது, 50 பவுண்டு இழுப்பு வேண்டிய காம்பவுண்டு வில் வாங்கிவிட்டேன், டிரா லெங்த், அதாவது நாணை இழுக்கிற நீளம், 27 அங்குலம், செப்டம்பரில் எல்க் என்கிற பெரிய மான் வேட்டைக்குப் போக வேண்டும், கடையில் 2 அங்குலம் விரிகிற மெக்கானிக்கல் பிராட்ஹெட்டை (பிளேடு வைத்த வேட்டை முனை) கையில் கொடுக்கிறார்கள், வாங்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். கூடவே எந்தக் கூடாரம், எந்த ஷூ, நம்ம ஆட்கள் எந்தப் பக்கம் அதிகம், வாடகை எப்படி என்றும். அதற்கெல்லாம் பதில் சொல்ல ஆயிரம் பேர் வருவார்கள். நான் முனையைப் பற்றி மட்டும் சொல்கிறேன். அதில் தப்பாகத் தேர்ந்தெடுத்தால் வேதனைப்படப் போவது அந்த மிருகம்.

வாங்க வேண்டாம்.

மெக்கானிக்கல் மட்டமான சாமான் என்று சொல்லவில்லை. 70 பவுண்டு இழுக்கிற, கை நீளமான ஆளுக்கு, வெள்ளைவால் மானுக்கு அது நன்றாகவே வேலை செய்யும். பறக்கும்போது பிளேடுகள் மடங்கி இருப்பதால் பயிற்சிக்குப் போடுகிற ஃபீல்டு பாயின்ட் முனை போலவே நேராகப் போகும், பட்டதும் விரியும், வெட்டு அகலமாக விழும். ஆனால் அந்தப் பிளேடுகளைத் திறப்பதற்கே அம்பின் வேகத்தில் ஒரு பங்கு செலவாகிவிடும். அப்புறம் 2 அங்குல அகலத்தைத் தோலுக்குள்ளும் விலா எலும்புக்குள்ளும் தள்ளிக்கொண்டு போக வேண்டும். வளர்ந்த ஆண் எல்க் 300 கிலோவுக்கு மேல் இருக்கும். தோல் தடிமன். செப்டம்பரில் அது சேற்றில் புரண்டுவிட்டு வரும், காய்ந்த சேறு முடியோடு ஒட்டியிருக்கும், அதையும் வெட்டித்தான் உள்ளே போக வேண்டும். 50 பவுண்டு வில்லும் 27 அங்குல இழுப்பும் தருகிற பலத்தை அங்கே வீணாக்க முடியாது. நம்ம ஆட்களில் பாதிப் பேருக்குக் கை நீளம் குறைவு. கடைக்காரர் தன் கை நீளத்துக்கு எது சரியோ அதை எல்லோருக்கும் விற்கிறார். நான் வந்த புதிதில் ஒரு கடையில் எனக்கும் இப்படித்தான் நடந்தது. என்ன பவுண்டு இழுப்பாய் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. அந்தக் கோபம் எனக்கு இன்னும் போகவில்லை.

துப்பாக்கிக் குண்டு போல அம்பு அதிர்ச்சியால் கொல்வதில்லை. அறுத்துக் கொல்கிறது. இரண்டு நுரையீரலும் அறுபட்டால் மிருகம் சில நொடிகளில் சாயும். அம்பு மறுபக்கம் வெளியே வந்தால் இரண்டு துளையிலும் ரத்தம் விழும், தடம் பிடிக்கலாம். உள்ளேயே நின்றுவிட்டால் ஒரு துளைதான், அதுவும் மேலே பட்டிருந்தால் ரத்தம் நெஞ்சுக்குள்ளேயே தேங்கிவிடும், தரையில் ஒன்றும் தெரியாது. அதனால் உங்கள் வில்லுக்கு அகலத்தைவிட ஆழம் முக்கியம்.

ஃபிக்ஸ்டு பிளேடு, அதாவது மடங்காத பிளேடு, எடுங்கள். இரண்டு பிளேடு, முனை நுனியிலிருந்தே வெட்டுகிற வகை, ஒரே துண்டு எஃகில் செய்தது, 125 கிரெய்ன் (அம்பை எடை போடுகிற சின்ன அளவு). 100 கிரெய்னும் எல்லாக் கடையிலும் கிடைக்கும், ஆனால் முன்பக்கம் கொஞ்சம் கனம் இருப்பது உங்களுக்கு நல்லது. முனை, தண்டு, இறகு எல்லாம் சேர்த்து அம்பு 450 முதல் 500 கிரெய்ன் வரட்டும். எட் ஆஷ்பி என்று ஒருவர், 1980-களில் தென்னாப்பிரிக்காவின் நேட்டாலில் பெரிய மிருகங்கள் மீது அம்புகளைச் சோதித்துப் பார்த்தவர், தடித்த எலும்பை உடைக்க 650 கிரெய்ன் வேண்டும் என்று எழுதினார். அதைப் படித்துவிட்டு நம்மவர்கள் சிலர் கடப்பாரை கனத்தில் அம்பு கட்டுகிறார்கள். உங்கள் வில்லில் அது மெதுவாகப் போய் தூரக் கணக்கைக் கெடுக்கும். நடுவில் நில்லுங்கள்.

நாம் இருக்கிற கொலராடோ மாநிலச் சட்டப்படி பிராட்ஹெட் குறைந்தது 7/8 அங்குல அகலமும் இரண்டு எஃகு வெட்டு விளிம்பும் உள்ளதாக இருக்க வேண்டும், வில் குறைந்தது 35 பவுண்டு. உங்களுக்கு இரண்டிலும் பிரச்சினை இல்லை. வேறு மாநிலத்துக்குப் போனால் அந்த மாநிலத்து விதியைப் புதிதாகப் படியுங்கள். சிங்கிள் பெவல், அதாவது ஒரு பக்கம் மட்டும் சரிவாகத் தீட்டிய முனை, வாங்கினால் அது எந்தப் பக்கம் சுழலுமோ அதே பக்கம் இறகும் திரும்பியிருக்க வேண்டும். இல்லாவிட்டால் இரண்டும் ஒன்றோடொன்று சண்டை போடும்.

இனி கூர்மை. இதைத்தான் யாரும் சொல்லித் தருவதில்லை. பெட்டியைப் பிரித்ததும் கூராக இருக்கும் என்று நம்பாதீர்கள். நம்ம பாலக்காட்டுச் சித்தூர்ப் பக்கம் பாளை சீவுகிறவர் கத்தியைப் பார்த்திருப்பீர்கள், மழுங்கினால் பாளை கசங்கிக் கள் நின்றுவிடும் என்று தினமும் பலகையில் தீட்டிவிட்டுத்தான் மரம் ஏறுவார். அதே அக்கறை இதற்கும் வேண்டும். கல்லில் தீட்டி, தோல் பட்டையில் இழுத்து, முன்கை முடியை மேலோட்டமாக வழித்துப் பாருங்கள். முடி தானாக உதிர வேண்டும். இன்னொரு சோதனை: ஒரு ரப்பர் பேண்டை இரண்டு ஆணிக்கு நடுவில் இழுத்துக் கட்டி, பிளேடை அழுத்தாமல் அதன் மேல் நகர்த்துங்கள். தொட்டதும் அறுந்தால் சரி, தள்ளிக்கொண்டு போனால் திரும்பவும் கல்லுக்கு. மழுங்கின முனை ரத்தக்குழாயைத் தள்ளி ஒதுக்கிவிட்டுப் போய்விடும். முனையைத் தண்டில் திருக விரலைப் பயன்படுத்தாதீர்கள், அதற்கென்று பிளாஸ்டிக் ரெஞ்ச் வரும்.

திருகி முடித்ததும் அம்பை விரல் நுனிகளில் நிறுத்திச் சுழற்றிப் பாருங்கள். முனை ஆடினால் அந்த அம்பு வேட்டைக்கு ஆகாது. ஃபிக்ஸ்டு பிளேடுக்குச் சின்ன இறக்கை இருக்கிற கணக்குதான், வில் சரியாக ட்யூன் ஆகாவிட்டால் அது அம்பைத் தன் பக்கம் இழுக்கும். கடையில் மெக்கானிக்கலை நீட்டுவதற்கு இதுதான் முக்கால்வாசிக் காரணம், ட்யூன் செய்யச் சோம்பல். 20 கஜத்தில் ஒரு ஃபீல்டு பாயின்ட், ஒரு பிராட்ஹெட் என்று மாற்றி மாற்றி எய்யுங்கள். பிராட்ஹெட் இடது பக்கம் விழுந்தால் ரெஸ்ட்டை (வில்லில் அம்பு உட்காருகிற தாங்கி) வலது பக்கம் மயிரளவு நகர்த்துங்கள், அதாவது ஃபீல்டு பாயின்ட் விழுகிற பக்கம். அப்புறம் 30 கஜம். ஃபோம் டார்கெட்டில் மட்டும் எய்யுங்கள், பை டார்கெட்டில் பிராட்ஹெட் மாட்டினால் உருவ முடியாது.

இவ்வளவு நீட்டி எழுதக் காரணம் இருக்கிறது. நம்மவர் ஒருவர், கோயம்புத்தூர்ப் பக்கம், விலை உயர்ந்த சாமான்களாகப் பார்த்து வாங்குகிறவர், எங்கள் கூட வந்திருந்தார். எதிர்முகமாகச் சாய்ந்து நின்ற ஆண் எல்க்கை எய்தார். அம்பு தோள்பட்டையில் பட்டது. கொஞ்ச தூரத்தில் அம்பு கிடைத்தது: ஒரு பிளேடு பின்னால் மடங்கி, இன்னொன்று பாதியில் வளைந்து, நுனியில் நாலு பழுப்பு முடி. ஆஸ்பென் இலைகளில் மிளகு அளவு ரத்தத் துளிகள், அப்புறம் ஒன்றுமில்லை. இருட்டும்வரை தேடினோம், மறுநாளும் தேடினோம். அவர் மதியத்துக்கு மேல் ஃபோட்டோ எடுக்கக் கிளம்பிவிட்டார். அந்த ஆளோடு நான் அப்புறம் மலைக்குப் போகவில்லை. அந்தக் கோணத்தில் எந்த முனையும் உங்களைக் காப்பாற்றாது. பக்கவாட்டில் நிற்க வேண்டும், அல்லது உங்களுக்கு விலகிச் சாய்ந்து நிற்க வேண்டும். வேறு எப்படி நின்றாலும் வில்லை இறக்குங்கள். எய்த பிறகு அரை மணி நேரம் அசையாதீர்கள். ரத்தம் நுரை கலந்த இளஞ்சிவப்பு என்றால் நுரையீரல், போய்த் தேடலாம். கரும்சிவப்பு என்றால் ஈரல், இன்னும் சில மணி நேரம் பொறுங்கள். பச்சையும் நாற்றமும் என்றால் குடல், அதைவிட நிறைய நேரம் விட வேண்டும், துரத்தினால் இழந்துவிடுவீர்கள்.

லைசென்ஸ் விஷயம் சுருக்கமாக. 1949 ஜனவரி 1 அன்றோ அதற்குப் பிறகோ பிறந்தவர்களுக்கு இங்கே ஹண்டர் எஜுகேஷன் (வேட்டைப் பயிற்சி) சான்று வேண்டும். ஆறு மாதம் தொடர்ந்து குடியிருந்தால்தான் உள்ளூர்க்காரர் கட்டணம். நண்பரின் டேக்கில் (அவர் பெயருக்குக் கொடுத்த வேட்டை அனுமதிச் சீட்டு) சுடலாம் என்று யாராவது சொன்னால் அந்த நட்பே வேண்டாம். இங்கே லைசென்ஸ் பறிபோனால் கிட்டத்தட்ட எல்லா மாநிலங்களிலும் பறிபோகும், கிரீன் கார்டு படிவத்தில் வழக்கு பற்றிய கேள்வி வேறு வரும். வில் கூட்டரசுச் சட்டத்தில் துப்பாக்கிக் கணக்கில் வராது. எச்-1பி வேலை விசாவில் இருக்கிறவர்களுக்குத் துப்பாக்கி என்றால் வேட்டை லைசென்ஸ் கையில் இருக்க வேண்டும் என்பது போன்ற நிபந்தனைகள் உண்டு. நான் வில்லுக்கு வந்ததே அப்படித்தான்.

நான் வந்தது ஜனவரி. கார் இல்லை, பனி முழங்கால் அளவு. பக்கத்து வீட்டுப் பெரியவர் கராஜில் ஃபோம் டார்கெட் வைத்து எய்துகொண்டிருப்பார். சாயங்காலம் போய் நிற்பேன். அவர் முதலில் என் கையில் கொடுத்தது வில் இல்லை, தீட்டுக்கல். அந்தக் குளிர்காலம் முழுக்கத் தீட்டினேன், வசந்தத்தில்தான் நாணைத் தொட விட்டார். வீட்டில் தமிழும் பஸ்ஸில் மலையாளமும் பேசி வளர்ந்த நமக்குப் புது இடத்தில் பழகுவது பெரிய காரியமில்லை என்று அப்போது தெரிந்தது. பெரிய ஊர்களிலிருந்து வந்த சிலருக்கு இது பிடிபடவில்லை. பொங்கல் விழாவில் நான் வேட்டைக்காரன் என்று தெரிந்ததும் தட்டை எடுத்துக்கொண்டு நகர்ந்து உட்கார்ந்த குடும்பம் உண்டு, தட்டில் கோழிக்கறி இருந்தது. அது எனக்கு வலித்தது. உங்களுக்கும் நடக்கும், தயாராக இருங்கள்.

ஊரில் எங்கள் தாத்தா கடலைக்காட்டில் ராத்திரி முழுக்கத் தகரம் தட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார், பன்றி கிளறாமல் இருக்க. 2022-இல் கேரள அரசு, பயிரை அழிக்கிற காட்டுப்பன்றியைச் சுட அனுமதிக்கும் அதிகாரத்தை ஊராட்சித் தலைவர்களிடம் கொடுத்தது, அதுவும் லைசென்ஸ் உள்ள துப்பாக்கிக்காரர் மட்டும், விஷமோ வெடியோ மின்சாரமோ கூடாது. மற்றபடி 1972-ஆம் வருஷ வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அங்கே வேட்டை குற்றம். விடுமுறைக்குப் போகும்போது நெல்லியாம்பதிப் பக்கம் வில்லோடு போகலாம் என்று ஊர்ப் பையன்கள் ஆசை காட்டினால் வாயை மூடச் சொல்லுங்கள்.

கறியை விட்டுவிட்டுக் கொம்போடு வருவது இங்கே குற்றம், எனக்கும் அது பிடிக்காது. எலும்பு நீக்கினாலே 80 கிலோவுக்கு மேல் வரும், செப்டம்பர் வெயிலில் பகலில் சீக்கிரம் கெடும், பருத்திப் பையில் போட்டு நிழலில் காற்றாடத் தொங்கவிட்டு மாறி மாறிச் சுமக்க வேண்டும். கொழுப்பைச் சுத்தமாக வழித்துவிடுங்கள், மெழுகு மாதிரி வாயில் ஒட்டும். எங்கள் வீட்டில் சின்ன வெங்காயம், வரமிளகாய், தேங்காய்ச் சில்லு போட்டு வதக்குவார்கள், மிச்சம் உப்புக்கண்டம்.

ஆகஸ்ட் முடிவதற்குள் 30 கஜத்தில் பிராட்ஹெட்டும் ஃபீல்டு பாயின்ட்டும் உள்ளங்கை அளவுக்குள் விழாவிட்டால் எழுதுங்கள், அம்புகளை எடுத்துக்கொண்டு வீட்டுக்கே வந்துவிடுங்கள். ரெஸ்ட்டை நான் பார்த்துத் தருகிறேன்.