இன்யுவெண்டோவுக்கு நன்றி சொல்லலாமா?

கேள்வி: எங்கள் அலுவலகக் கூட்டத்தில் மேலதிகாரி என் வேலையில் திருத்த வேண்டியதை நாசூக்காக உணர்த்தினார். "உங்கட இன்யுவெண்டோவுக்கு நன்றி சேர்" என்றேன். அவர் முகம் கறுத்துவிட்டது. அகராதியில் 'மறைமுகக் குறிப்பு' என்றுதானே இருக்கிறது?
– வாசகி, வெள்ளவத்தை

பதில்: உங்கள் அகராதி பாதிதான் சொல்லியிருக்கிறது. இன்யுவெண்டோ மறைமுகக் குறிப்புத்தான். ஆனால் ஒருவர் பெயரில் கறை பூசுகிற குறிப்பு. அல்லது ஆபாசம் தொனிக்கும் இரட்டை அர்த்தப் பேச்சு. இரண்டில் எதை எடுத்துக்கொண்டாலும் மேலதிகாரிக்கு அது நன்றியாகக் கேட்டிருக்காது.

வீட்டுக்கு வந்து எழும்ப மனமில்லாமல் இருப்பவரிடம் "இனி பஸ் கிடைக்கிறது கஷ்டம்" என்கிறோம். அது வெறும் குறிப்பு, யாருக்கும் நோகாது. "கணக்காளர் புதுக் கார் எடுத்திட்டாராம். இந்தச் சம்பளத்தில எப்படித்தான் சமாளிக்கிறாரோ, பாவம்!" இதில் ஒரு சொல்லாவது பொய்யா? இல்லை. ஆனால் கேட்டவர் 'களவு' என்ற எண்ணத்தோடுதான் எழுந்து போவார். மடக்கிக் கேட்டால், "நான் அவரைக் கள்ளன் எண்டு சொன்னேனா?" என்று தப்பிவிடலாம். இதுதான் இன்யுவெண்டோ.

தமிழில் இதற்குச் 'சாடைப் பேச்சு' என்பதே பொருந்தும். 'சாடை' என்று மட்டும் எழுதினால் போதாது. நமக்குச் சாடையான, அதாவது லேசான, காய்ச்சலும் உண்டு. 'குறிப்பு' என்ற சொல்லை இதற்குச் செலவழிக்காதீர்கள். திருக்குறளில் 'குறிப்பறிதல்' என்று இரண்டு அதிகாரங்கள் உள்ளன. 71ஆவது அரசவைக்கு, 110ஆவது காதலுக்கு. அத்தனை மதிப்பான சொல் அது.

லத்தீனில் இன்யுவெண்டோ என்றால் 'தலையசைத்துக் காட்டி' என்று பொருள். பழைய ஆங்கிலேய அவதூறு வழக்கு மனுக்களில் 'அதாவது' என்ற இடத்தில் இதை எழுதினார்கள்: "அவன், இன்யுவெண்டோ இந்த வழக்காளி, கள்ளன்." சொன்னவர் விழுங்கியதை வழக்காளி எடுத்துக் காட்டும் இடம் அது. சிரில் டோலி என்ற அமெச்சூர் (காசு வாங்காமல் விளையாடும்) கோல்ஃப் வீரரின் சட்டைப்பையில் சொக்லேட் எட்டிப் பார்ப்பதுபோல், அவரைக் கேட்காமலே படம் வரைந்து விளம்பரம் போட்டது ஃப்ரை கம்பனி. காசுக்காகச் சம்மதித்தார், இனி இவர் என்ன அமெச்சூர் என்று ஊர் நினைக்குமே என வழக்குப் போட்டார். அந்த உள்ளர்த்தம் அவதூறாகலாம் என்று 1931இல், அன்று பிரிட்டனின் உச்ச மேன்முறையீட்டு மன்றமாக இருந்த பிரபுக்கள் சபை ஏற்றது.

பெயர் போடவில்லையே என்ற துணிச்சலில் நமக்குக் கிசுகிசு அனுப்புகிறவர்களும் இதை வாசிக்க வேண்டும். இலங்கையில் அவதூறு 2002இலிருந்து தண்டனைச் சட்டக் குற்றமல்ல. ஆனால் நம் பொதுச் சட்டமான ரோமன் டச்சுச் சட்டப்படி நட்டஈட்டு வழக்கு இன்றும் வரும். வாசிப்பவர் ஆளை அடையாளம் கண்டால் போதும், பெயர் தேவையில்லை. அத்தகைய கடிதங்களை நான் பிரசுரிப்பதில்லை, பிரசுரிக்கவும் மாட்டேன்.

உங்களுக்கு வேண்டியிருந்த சொல் 'ஹின்ட்'. அலுவலகத்தில் 'சஜெஷன்' இன்னும் நல்லது. நாளைக் காலையிலேயே மேலதிகாரியிடம் போய், அதைத்தான் சொல்ல வந்தேன் என்று நேராகச் சொல்லிவிடுங்கள்.