ஜூனோ-60, ஜூனோ-106, பாலிசிக்ஸ்: பழைய அனலாக் சிந்தசைசர்களில் எதை வாங்கலாம்?

சென்னையில் வீட்டிலேயே கணினியில் பாட்டு பதிவு செய்கிறீர்கள், ஜப்பானிலிருந்து வரும் நண்பர் இந்த மூன்று சிந்தசைசர்களில் (மின்சுற்றுகளால் ஒலியை உருவாக்கும் கீபோர்டுகள்) ஒன்றைக் கொண்டுவரத் தயார், எதைச் சொல்லி அனுப்பலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். நான் டோக்கியோவில்தான் இருக்கிறேன். இவற்றில் இரண்டை வாங்கியிருக்கிறேன், ஒன்றில் நன்றாகவே ஏமாந்திருக்கிறேன். என் பதில்: ஜூனோ-106. ஆனால் எந்த 106 என்பதில்தான் விஷயமே இருக்கிறது.

மூன்றும் ஏறக்குறைய ஒரே காலத்தவை. கோர்க் நிறுவனத்தின் பாலிசிக்ஸ் 1981-ல் வந்தது, ரோலண்ட் நிறுவனத்தின் ஜூனோ-60 1982-ல், 106 1984-ல். மூன்றிலும் ஒரே நேரத்தில் ஆறு ஸ்வரங்கள்தான் ஒலிக்கும், ஒவ்வொன்றுக்கும் ஒரே ஒரு ஆஸிலேட்டர், அதாவது ஒலி அலையை உருவாக்கும் சுற்று. அந்த ஒல்லி ஒலிக்குக் கொஞ்சம் சதை போடத்தான் கோரஸை (ஒரே ஒலியைப் பல ஒலிகள் சேர்ந்தது போலக் கேட்க வைக்கும் வசதி) உள்ளேயே வைத்தார்கள். ஜூனோவில் கோரஸை அணைத்துவிட்டு வாசித்தால் 'இதற்கா இவ்வளவு காசு?' என்று தோன்றும். போட்டால் அறையே அகலமானது போல இருக்கும். கூடவே 'உஸ்' என்று ஓர் இரைச்சலும் வரும். அது பழுதில்லை, பிறவிக் குணம். அதற்காக நண்பரைக் கடைக்காரரிடம் சண்டை போடச் சொல்லாதீர்கள்.

நான் முதலில் வாங்கியது பாலிசிக்ஸ். கேட்டால் மயங்கித்தான் போவோம். அதன் ஆஸிலேட்டர்கள் மின்னழுத்தத்தால் இயங்குபவை, அதனால் ஆறும் சுருதியில் மயிரிழை தள்ளித் தள்ளி நிற்கும். ஆறு பேர் சேர்ந்து ஒரே பாட்டைப் பாடுகிற மாதிரி. ஜூனோக்களில் சுருதியை டிஜிட்டல் கடிகாரம் பிடித்து வைத்திருக்கிறது. அலை அனலாக்தான், ஆனால் அசையாது. எனக்கு அந்த அசைவு பிடித்திருந்தது, வாங்கிவிட்டேன். உள்ளே திறந்து பார்க்கவில்லை.

அதுதான் தப்பு. பாலிசிக்ஸில் நாம் சேமித்து வைக்கும் ஒலி அமைப்புகள் மின்சாரம் இல்லாதபோதும் அழியாமல் இருக்க, கேஎல்எம்-367 என்ற பலகையில் ஒரு நிக்கல்-காட்மியம் பேட்டரியைப் பற்றவைத்திருப்பார்கள். நாற்பது வருடத்தில் அது ஒழுகும். ஒழுகிய காரம் பலகையின் செம்புத் தடங்களை அரித்துக்கொண்டே போகும். என்னுடையது மூன்றாவது மாதம் சேமித்த ஒலிகளை மறந்தது, அப்புறம் சில கட்டைகளை அமுக்கினால் வேறு ஸ்வரம் வந்தது. பழுது பார்த்தவர் பலகையைக் காட்டியபோது மழையில் கிடந்த செம்பு மாதிரி பச்சைப் பூத்திருந்தது. தடம் தடமாக ஒயர் இழுத்துச் சரிசெய்தார். செலவு, வாங்கிய விலையில் பாதி. இந்த அனுபவம் உங்களுக்கு வேண்டாம். பேட்டரியை மாற்றி, பலகையையும் சுத்தம் செய்திருக்கிறார்கள் என்று புகைப்படத்தோடு காட்டினால் மட்டும் பாலிசிக்ஸைப் பாருங்கள். அப்போதும் மிடி (கணினியிலிருந்து கருவியை வாசிக்க வைக்கும் பொதுவான இணைப்பு) கிடையாது என்பது நினைவிருக்கட்டும்.

106-க்கும் ஒரு தீராத நோய் உண்டு. ஒவ்வொரு குரலுக்கும் (ஒரே நேரத்தில் ஒலிக்கும் ஆறு ஸ்வரங்களில் ஒவ்வொன்றையும் குரல் என்பார்கள்) ஒலியின் கூர்மையை மாற்றும் ஃபில்டரும் சத்தத்தின் அளவைக் கட்டுப்படுத்தும் ஆம்ப்ளிஃபையரும் சேர்ந்த 80017ஏ என்ற ஒரு சிப், மொத்தம் ஆறு. அவற்றைப் பிசின் போன்ற ஒன்றில் முக்கியெடுத்திருக்கிறார்கள். வருடம் போகப் போக அந்தப் பூச்சே லேசாக மின்சாரத்தைக் கடத்த ஆரம்பிக்கும். ஆறில் ஒரு ஸ்வரம் ஊமையாகும், அல்லது கரகரக்கும், அல்லது கட்டையை விட்ட பிறகும் முனகிக்கொண்டே இருக்கும். சிலர் சிப்பைக் கழற்றி அசிட்டோனில் ஊறப்போட்டு, பூச்சை உரித்துப் பிழைக்க வைக்கிறார்கள். எல்லா சிப்பும் பிழைப்பதில்லை. அதைவிட, ஆறையும் புதிதாகச் செய்த மாற்று சிப்களாக மாற்றிய 106 கிடைத்தால் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம். 'எல்லாமே ஒரிஜினல் பாகம்' என்று விளம்பரத்தில் பெருமையாக எழுதியிருந்தால் நான் பயப்படுவேன்.

கடையில் சோதிக்கும் வழி எளிது. 'கீ டிரான்ஸ்போஸ்' பொத்தானை அமுக்கிக்கொண்டே பவர் போட்டால் 106 சோதனை நிலைக்குப் போகும். கட்டையை அமுக்கும்போது எந்தக் குரல் ஒலிக்கிறது என்று திரையில் எண் வரும். ஆறு எண்களையும் கேட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். உடனே கேட்டுவிட்டுக் கிளம்ப வேண்டாம், அரை மணி நேரம் சூடேறட்டும். நோயுள்ள சிப் பல நேரம் சூடான பிறகுதான் வாயைத் திறக்கும். டோக்கியோவில் ஓச்சனோமிசு பக்கம் இசைக்கருவிக் கடைகள் வரிசையாக இருக்கின்றன, வாசித்துப் பார்க்க விடுவார்கள். விலைச்சீட்டில் 'ஜங்க்' என்று கண்டால் நண்பர் தொடவே வேண்டாம். ஓடினால் உங்கள் அதிர்ஷ்டம், திருப்பித் தர முடியாது என்று அர்த்தம்.

அப்படியானால் ஜூனோ-60? ஒலியில் 106-ஐ விட ஒரு படி மேல் என்பேன், அமுக்கிப் பிடித்த ஸ்வரங்களை ஒவ்வொன்றாகத் தானே வாசிக்கும் ஆர்பெஜியேட்டரும் இருக்கிறது (106-ல் அதை எடுத்துவிட்டார்கள், ஏன் என்று இன்றும் எனக்கு ஆத்திரம்). அந்தச் சிப் நோயும் இதற்கு இல்லை. ஆனால் மிடிக்கு முந்தைய பிள்ளை. டிசிபி என்ற ரோலண்டின் சொந்த இணைப்புதான், கணினியோடு பேச வைக்கத் தனியாக ஓர் அடாப்டர் வேண்டும். கையால் வாசித்துப் பதிவு செய்பவராக இருந்தால் நான் 60-ஐத்தான் சொல்லியிருப்பேன். நீங்கள் கணினியில் ஸ்வரங்களை எழுதி ஓட்டுகிறவர், அதனால்தான் மிடி உள்ள 106.

ஒன்றைக் கேட்டுவிடுகிறேன். சால்டரிங் தெரிந்த, பழைய சர்க்யூட் படத்தைப் பார்த்து வேலை செய்யக்கூடிய ஒருவர் உங்கள் பக்கத்தில் இருக்கிறாரா? இல்லையென்றால் பழையது எதுவுமே வேண்டாம். கோர்க் மினிலாக் வாங்குங்கள், 2016-ல் வந்தது, நான்கு குரல்தான், ஆனால் அசல் அனலாக். ஜூனோ ஒலிதான் வேண்டுமென்றால் ரோலண்டின் ஜேயூ-06ஏ என்ற சின்னப் பெட்டியில் 60, 106 இரண்டின் குணமும் இருக்கிறது. டிஜிட்டல் நகல்தான், அதிலும் நான்கு குரல்தான். கலவையில் மற்ற வாத்தியங்களோடு சேர்ந்தால் எனக்கே பல நேரம் வித்தியாசம் தெரிவதில்லை.

இன்னொன்று. ஜப்பானில் விற்ற கருவிகள் 100 வோல்ட்டுக்குச் செய்தவை. நம் 230-ல் பிளக்கை மட்டும் மாற்றிச் செருகினால் அன்றே கதை முடிந்தது. 230-ஐ 100 ஆக இறக்கும் ட்ரான்ஸ்ஃபார்மர் ஒன்றை இப்போதே வாங்கி வையுங்கள். ஜூனோ எடுப்பது சில பத்து வாட்தான், சின்னதே போதும். கருவி வீட்டுக்கு வந்த ராத்திரி யாருக்கும் பொறுமை இருக்காது.