கம்பங்களை வளைந்து வளைந்து கடக்கும் பனிச்சறுக்குப் போட்டியான ஸ்லாலமில் கம்பத்தை இடித்துத் தள்ளலாம் என்றால், வீரர்கள் பாதியில் வெளியேறுவது ஏன்?

கம்பத்தை இடிப்பது தவறே இல்லை. அடியில் கீல் இருப்பதால் மடங்கித் தானே நிமிரும். தாடைக் காப்பும் கைக் காப்பும் அந்த அடிக்குத்தான். நடுவர் பார்ப்பது கால்களைத்தான். இரண்டு ஸ்கீ முனைகளும் இரண்டு பாதங்களும் ‘வாயில்’ எனப்படும், கம்பம் குறிக்கும் கற்பனைக் கோட்டைக் கடக்க வேண்டும். உள்பக்க ஸ்கீயின் முனை கம்பத்துக்கு அந்தப் பக்கம் போய்விட்டால் கதை முடிந்தது.

தருமபுரி மாவட்டத்துத் தொப்பூர் கணவாயை வைத்தே சொல்கிறேன். வளைவுக்குள் நுழைந்தபின் பிரேக்கை மிதிக்கும் லாரி கவிழக்கூடும். இங்கும் திருப்பத்தைக் கம்பத்தை எட்டும் முன்பே, மேட்டிலேயே தொடங்கிவிட வேண்டும். அடுத்த கம்பம் பொதுவாக 6 முதல் 13 மீட்டருக்குள் வந்துவிடும். ஒரு வாயிலில் தாமதித்தால் அடுத்ததில் இன்னும் தாமதம். மூன்று, நான்கு வாயில்களில் பாதையே கைவிட்டுப் போகும். ஒலிம்பிக் ஆண்கள் தடத்தில் 55 முதல் 75 வாயில்கள் என்பதை நினையுங்கள்.

இரண்டாம் ஓட்டத்துக்குக் கம்பங்களை மாற்றி நடுவார்கள். முதல் ஓட்டத்தில் 30ஆம் இடம் பிடித்தவர் முதலில் இறங்குவார், முன்னணி வீரர் அந்த முப்பதில் கடைசி. அதற்குள் தடம் குழி விழுந்திருக்கும். அங்கேயும் பலர் தவறுகிறார்கள். 2022 பெய்ஜிங் குளிர்கால ஒலிம்பிக் ஸ்லாலமில் நம் காஷ்மீரின் குல்மார்க் வீரர் ஆரிஃப் கானால் முதல் ஓட்டத்தையே முடிக்க முடியவில்லை.